அவுட் ஆனவன் எங்கே போய் உட்கார?

இந்தத் தடவை பதிவு கொஞ்சம் நீளம். காபி போட்டுக்கொண்டு வந்து உட்காருங்கள்.

போன வாரம் ராத்திரி எட்டரை மணிக்குச் சென்னையிலிருந்து போன். நம்மிடம் பத்தாம் வகுப்பு படித்த பையன். பையன் என்கிறேன், அவருக்கே ஐம்பத்தைந்து ஆகிவிட்டது. கம்பெனியில் பெரிய பொறுப்பு. பெயரைப் போட்டால் கோபித்துக்கொள்வார். "சார்வாள், ஒரு பஞ்சாயத்து. நீங்கதான் தீர்ப்பு சொல்லணும்" என்றார். ஊரில் இருக்கிற வயல் விஷயமாக அண்ணன் தம்பிக்குள் ஏதோ என்று நினைத்துக்கொண்டேன். பார்த்தால், கோல்ஃப்!

அவர் ஆடுகிற கிளப்பில் மாதாமாதம் உறுப்பினர்களுக்குள் போட்டி நடக்குமாம். இத்தனை வருஷமும் மொத்த அடிகளைக் கூட்டிப் பார்த்துத்தான் பரிசு. இப்போது பாதிப் பேர் அது வேண்டாம், புள்ளி முறை வைக்கலாம் என்று கேட்கிறார்கள். இவர் கமிட்டியில் இருக்கிறார். இவருக்குச் சம்மதம் இல்லை. "அது சலுகை சார். தப்பு பண்ணினா தண்டனை வேண்டாமா? நீங்க வரலாற்று வாத்தியார். இது எங்கிருந்து வந்ததுன்னு பார்த்துச் சொல்லுங்க."

நான் வாழ்நாளில் கோல்ஃப் மட்டையைத் தொட்டதில்லை. பிள்ளைகளைக் கொடைக்கானலுக்குச் சுற்றுலா கூட்டிப்போனபோது வேலிக்கு வெளியே நின்று பார்த்ததோடு சரி. ஆனால் ஒரு கேள்வியை வாத்தியாரிடம் கொடுத்துவிட்டால் அவருக்குத் தூக்கம் வராது. ஒரு வாரம் படித்ததை இங்கே எழுதுகிறேன்.

கோல்ஃப் தெரியாத அத்தைமார், சித்திமாருக்காக முதலில் ஆட்டம். பரந்த புல்வெளி. அதில் 18 குழிகள். தொலைவில் ஓரிடத்தில் பந்தை வைத்து, மட்டையால் அடித்துக்கொண்டே போய்க் குழிக்குள் தள்ள வேண்டும். குறைந்த அடியில் தள்ளினவர் கெட்டிக்காரர். நன்றாக ஆடுகிறவர் இந்தக் குழியை இத்தனை அடியில் முடிப்பார் என்று ஒவ்வொன்றுக்கும் ஓர் எண் உண்டு. அதற்குப் பெயர் 'பார்'. 18 குழிக்கும் சேர்த்துப் பெரும்பாலும் 72 வரும்.

இன்னொன்று 'ஹேண்டிகேப்'. சுமாராக ஆடுகிறவருக்கு முன்கூட்டியே சில அடிகளைக் கழித்துக் கொடுப்பது. அப்படிக் கொடுப்பதால் அறுபது வயது டாக்டரும் இருபது வயதுக் கல்லூரிப் பையனும் ஒரே போட்டியில் நின்று ஆட முடிகிறது. நாம் சின்ன வயதில் விளையாடும்போது அழுதுகொண்டு நிற்கிற தம்பியையோ தங்கையையோ 'ஒப்புக்குச் சப்பாணி' என்று சேர்த்துக்கொள்வோமே, அந்த ஜாதி ஏற்பாடுதான். என்ன வித்தியாசம் என்றால், நம் சப்பாணியின் ஆட்டம் கணக்கில் வராது. இவர்களுடைய ஹேண்டிகேப்காரரின் ஆட்டம் கணக்கில் வரும், பரிசும் வாங்கலாம். (அந்தச் சொல்லை இப்போது சொல்லக் கூடாது, சரிதான். ஹேண்டிகேப் என்ற ஆங்கிலச் சொல்லுக்கு உடல் குறையோடு பிறப்பிலே சம்பந்தம் இல்லை. தொப்பிக்குள் கையை விட்டுப் பண்டமாற்றுப் பேசுகிற ஒரு பழைய விளையாட்டிலிருந்து வந்ததாம். பிறகு குதிரைப் பந்தயத்துக்குப் போய், அங்கிருந்து கோல்ஃபுக்கு வந்தது.)

இனி கணக்கு. அண்ணாச்சி ஒருவர், தம்பி ஒருவர் ஆடுகிறார்கள். ஹேண்டிகேப் எல்லாம் கழித்த பிறகு வந்த எண்கள் என்று வைத்துக்கொள்ளுங்கள். அண்ணாச்சி 17 குழிகளைச் சரியாகப் பார் எண்ணிலேயே முடித்தார். ஒரே ஒரு குழியில் பந்து மணலில் விழுந்தது, பிறகு புதரில் விழுந்தது. 4 அடியில் முடிய வேண்டியதற்கு 10 அடி. மொத்தம் 78. தம்பி 13 குழிகளைச் சரியாக முடித்தார், 5 குழிகளில் ஒவ்வோர் அடி கூடுதல். மொத்தம் 77. அண்ணாச்சிக்குச் சறுக்கின குழியில் தம்பிக்குச் சறுக்கவில்லை.

மொத்த அடியைக் கூட்டினால் தம்பி ஜெயித்தார். இது 'ஸ்ட்ரோக் பிளே'; 'மெடல்' என்றும் சொல்வார்கள். குழிக்குக் குழி யார் ஜெயித்தார் என்று எண்ணினால் அண்ணாச்சி 5 குழி ஜெயித்திருக்கிறார், 1 குழி தோற்றிருக்கிறார், அவருக்கு வெற்றி. இது 'மேட்ச் பிளே'. மூன்றாவது, புள்ளி முறை: பார் எண்ணில் முடித்தால் 2 புள்ளி, ஓர் அடி கூடினால் 1, இரண்டோ அதற்கு மேலோ கூடினால் பூஜ்யம், ஓர் அடி குறைத்தால் 3. இதன்படி அண்ணாச்சிக்கு 34, தம்பிக்கு 31. இதுதான் 'ஸ்டேபிள்ஃபோர்டு'. இதில்தான் சென்னையில் பஞ்சாயத்து.

அதே ஆள், அதே பந்து, அதே அடி. எண்ணுகிற முறையை மாற்றினால் கோப்பை வேறு வீட்டுக்குப் போகிறது. எனக்கு இந்த இடத்திலேயே விஷயம் பிடித்துவிட்டது.

கோல்ஃபுக்கு இன்று கிடைக்கிற மிகப் பழைய எழுத்து விதிகள் 1744-ஆம் ஆண்டைச் சேர்ந்தவை. ஸ்காட்லாந்தில் எடின்பரோவை ஒட்டிய லீத் என்ற ஊரில், வெள்ளி மட்டை ஒன்றைப் பரிசாக வைத்த போட்டிக்காக எழுதியது. மொத்தம் 13 விதி. அதில் கையெழுத்துப் போட்டவர் ஜான் ராட்ரே என்ற அறுவைச் சிகிச்சை மருத்துவர். அந்த விதிகளைப் படித்தால் ஒன்று புரியும்: அங்கே எப்போதும் ஓர் 'எதிராளி' இருக்கிறார். பந்து தொலைந்தால் பழைய இடத்துக்குப் போய் வேறு பந்து போடு, எதிராளிக்கு ஓர் அடி விட்டுக்கொடு என்கிற மாதிரி. இரண்டு பேர் பேசிக்கொண்டே நடந்து, குழிக்குக் குழி மோதிக்கொள்கிற ஆட்டமாகத்தான் அது வளர்ந்தது. ஒரு குழியில் மண்ணைக் கவ்வினாலும் அடுத்த குழியில் கணக்கு புதிதாகத் தொடங்கும்.

இரண்டு பேருக்கு அது சரி. இருபது பேர் வந்தால்? யார் யாரோடு ஆடி எத்தனை குழி ஜெயித்தார் என்பதில் சண்டை வரும். 1759-இல் செயின்ட் ஆண்ட்ரூஸ் என்ற ஊர்க்காரர்கள், இந்தத் தகராறே வேண்டாம் என்று, களம் முழுக்க ஆடி மொத்தமாகக் குறைந்த அடி அடித்தவருக்கே வெள்ளி மட்டை என்று எழுதிவைத்தார்கள். அப்போது ஒரு சுற்றுக்கு 22 குழி. 1764-இல்தான் 18 ஆனது. ஆக, 'தப்புக்குத் தண்டனை வேண்டும்' என்ற நீதி உணர்ச்சியில் மொத்த அடி முறை பிறக்கவில்லை. கூட்டம் அதிகமானதால் கமிட்டிக்காரர்களுக்கு வந்த தலைவலியில் பிறந்தது. என் மாணவரிடம் இதைச் சொன்னபோது போனில் கொஞ்ச நேரம் சத்தமே இல்லை.

பிறகு அதுவே பெரிய ஆட்டத்தின் அடையாளம் ஆகிவிட்டது. 1860-இல் பிரெஸ்ட்விக்கில் 8 பேர் ஆடிய முதல் ஓபன் போட்டி மொத்த அடியில்தான். ஆனால் சம்பளம் வாங்காமல் ஆசைக்கு ஆடுகிறவர்களுக்காக 1885-இல் பிரிட்டனில் வந்த அமெச்சூர் போட்டி, குழிக்குக் குழி மோதும் மேட்ச் பிளே. நம் நாட்டிலும் அப்படியே. கல்கத்தா கோல்ஃப் கிளப் 1829-இல் வந்தது. பிரிட்டனுக்கு வெளியே அதைவிடப் பழையது கிடையாது. அங்கே 1892-இல் தொடங்கிய அகில இந்திய அமெச்சூர் பட்டத்தை மேட்ச் பிளேயில்தான் முடிவு செய்வார்கள். தெற்கே மதராஸ் ஜிம்கானா கிளப் 1884-இல் வந்தது. கிண்டி குதிரைப் பந்தய மைதானத்துக்குள்ளேயே கோல்ஃப் மைதானமும் அமைந்தது. நான் வேலிக்கு வெளியே நின்று பார்த்த கொடைக்கானல் கிளப் 1895. அதிகாரிகளும் பிளாண்டர்களும் வியாபாரத் துரைமார்களும் ஓய்வு நாளில் ஆடின ஆட்டம். அவர்களில் பெரும்பாலோர் சுமாராக ஆடுகிறவர்கள்தான். எந்த ஊர் கிளப்பிலும் அதுதானே நிலவரம்.

சுமாராக ஆடுகிறவருக்கு மொத்த அடி முறை என்ன செய்கிறது என்று பாருங்கள். சனிக்கிழமை விடியற்காலை கிளம்பிப் போகிறார். நான்கரை மணி நேர ஆட்டம். மூன்றாவது குழியிலேயே 11 அடி. முடிந்தது கதை. இன்னும் 15 குழி பாக்கி இருக்கிறது, நடக்க வேண்டும், வெயில் ஏறுகிறது, ஆனால் ஜெயிக்க வழியே இல்லை. ஸ்கோர் கார்டைக் கிழித்துப் பையில் போட்டுக்கொண்டு, கூட வந்தவர்களுக்காக நடப்பார். உடம்பு மைதானத்தில் இருக்கும், ஆள் ஆட்டத்தில் இருக்க மாட்டார்.

இந்தக் கிழிந்த கார்டுகளைப் பார்த்துக் கவலைப்பட்டவர்தான் ஃபிராங்க் ஸ்டேபிள்ஃபோர்டு. இவரும் அறுவைச் சிகிச்சை மருத்துவர்! ராணுவ மருத்துவப் பிரிவில் இருந்தவர், தானே நன்றாக ஆடக்கூடியவர். அதைக் கவனிக்க வேண்டும். தனக்குச் சலுகை தேடி அவர் இதைச் செய்யவில்லை. 1898 செப்டம்பர் 30 அன்று வேல்ஸில் கிளமோர்கன்ஷயர் கிளப்பில் புள்ளி முறையை முதலில் சோதித்துப் பார்த்தார். யாரும் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. போர் வந்தது, போனது. 1931 கடைசியில், லிவர்பூல் பக்கத்தில் கடலோரமாக இருக்கிற வாலஸி மைதானத்தில் இரண்டாவது குழியை நோக்கிப் பயிற்சிக்கு ஆடிக்கொண்டு போகும்போது மறுபடி அந்த எண்ணம் வந்ததாம். அங்கே கடற்காற்று பேய்க்காற்று. எதிர்க்காற்றில் முதல் இரண்டு குழியிலேயே பாதிப் பேருடைய கார்டு கெட்டுவிடும். 1932 மே 16 அன்று வாலஸியில் புள்ளி முறைப் போட்டி நடந்தது. இந்தத் தடவை பிடித்துக்கொண்டது. நடுவில் 34 வருஷம்! ஒரு நல்ல யோசனை இவ்வளவு நாள் அலமாரியில் கிடக்கும் என்பதை ஓய்வூதியக் கோப்போடு அலைந்த எனக்குச் சொல்லித்தர வேண்டியதில்லை.

அவர் வெறுங்கையில் முழம் போடவும் இல்லை. 1890 வாக்கில் கவென்ட்ரியில், ஒவ்வொரு குழிக்கும் ஓர் எண்ணை நிர்ணயித்து, அந்த எண்ணையே எதிராளியாக வைத்து ஆடுகிற பழக்கம் வந்திருந்தது. அந்தக் கண்ணுக்குத் தெரியாத எதிராளிக்குப் 'போகி' என்று பேர் வைத்தார்கள். கொஞ்ச நாளில் அவருக்குக் கர்னல் பதவியும் கொடுத்துவிட்டார்கள். 1914-இல் வந்த 'கர்னல் போகி' என்ற பட்டாள இசை அந்தப் பேரில்தான். 1957-இல் சிலோனில் படம்பிடித்த 'குவாய் நதிப் பாலம்' படத்தில் கைதிகள் விசிலடித்துக்கொண்டே வருவார்களே, அதே மெட்டு.

மாணவருக்கு நான் சொல்ல வேண்டிய சேதி இத்தோடு முடிந்திருக்கும். ஆனால் எனக்குக் கோல்ஃபைவிட வேறொன்று ஞாபகம் வந்துவிட்டது: நம் கடனாநதி மணல்.

1960-களில் நாங்கள் ஆற்று மணலில் ஆடினது சடுகுடு. கபடி என்ற பேர் எங்கள் வாயில் வரவில்லை. எங்கள் விதி சுருக்கம். பாடிப் போனவன் தொட்டுவிட்டால் தொடப்பட்டவன் அவுட். பாடிப் போனவன் மூச்சு விட்டுப் பிடிபட்டால் அவன் அவுட். அவுட் ஆனவன் வெளியே போய் உட்கார வேண்டும். ஒரு பக்கம் மொத்தமும் காலியாகும்வரை அவன் உட்கார்ந்தேதான் இருப்பான். என்னை மாதிரி நோஞ்சான்கள் முதல் ஐந்து நிமிஷத்திலேயே வெளியே. கொஞ்ச நேரம் பார்ப்போம். அப்புறம் போய் ஆற்றில் குதித்துவிடுவோம். பெரியவன்கள் இரண்டு பேர் மிஞ்சி நின்று மல்லுக்கட்டுவதை யார் பார்த்தது?

பள்ளிக்கூடத்துக்குப் புதிதாக ஒரு டிரில் மாஸ்டர் வந்தார். மைதானத்தில் சுண்ணாம்புக் கோடு போட்டு, ஃபெடரேஷன் விதி என்று ஒன்றைச் சொன்னார். நீ எதிராளி ஒருவனைத் தொட்டு வெளியேற்றினால், உன் பக்கத்தில் முதலில் அவுட் ஆனவன் உள்ளே வரலாம். அன்றைக்கு எங்களில் பலசாலியாக இருந்தவன் கேட்டது இன்றும் காதில் இருக்கிறது: "செத்தவன் எப்படி சார் திரும்பி வருவான்?"

மாஸ்டர் சிரித்துவிட்டு விசிலை ஊதினார். அவன் கேட்டது ஏதோ கேலிக் கேள்வி இல்லை, இந்தியா முழுக்கக் கபடிக்காரர்கள் சண்டை போட்ட விஷயம் என்பது பிற்பாடு படித்துத்தான் எனக்குத் தெரிந்தது. கபடியில் மூன்று பெரிய வகைகள் இருந்தன. 'காமினி' என்பது எங்கள் ஆற்று மணல் ஆட்டம்: அவுட் ஆனவன் ஆனவன்தான், ஒரு பக்கம் முழுசாகக் காலியானால்தான் எதிர்ப்பக்கத்துக்குப் புள்ளி, கடிகாரம் கிடையாது. 'சஞ்சீவனி'யில் அவுட் ஆன வரிசைப்படி உயிர் பெற்று வரலாம். நேரம் குறித்து ஆடுவது. மூன்றாவது 'அமர்': தொடப்பட்டவன் வெளியே போவதே இல்லை, எதிராளிக்கு ஒரு புள்ளி எழுதிவிட்டு அவனும் ஆடிக்கொண்டே இருப்பான். பேர் வைத்தவர்களைப் பாராட்ட வேண்டும். சஞ்சீவி மலையும் அமரத்துவமும் விதிப்புத்தகத்துக்குள்ளே!

மகாராஷ்டிரத்துப் பக்கம் 1920-களில் இந்த விதிகளை எழுதித் திருத்தி, 1923-இல் பரோடாவில் போட்டியும் நடத்தினார்கள். 1950-இல் அகில இந்தியக் கபடி ஃபெடரேஷன் வந்தது. ஆண்களுக்கான முதல் தேசியப் போட்டி 1952-இல் நம் மதராஸில்தான். பொது விதியாக நிலைத்தது சஞ்சீவனி வழி. 1990-இல் பெய்ஜிங் ஆசிய விளையாட்டில் கபடி பதக்க ஆட்டமானதும் அந்த விதியில்தான். 1994-இல் ஹிரோஷிமாவில் தங்கம் வாங்கிய அணியில் நம் தாமிரபரணிக் கரை மணத்தி கணேசன் இருந்தார், மறு வருஷம் அர்ஜுனா விருதும் வாங்கினார் என்பது உங்கள் எல்லோருக்கும் தெரியும்.

சஞ்சீவனி ஏன் ஜெயித்தது? நேரம் குறித்து நடத்தலாம் என்பது ஒரு வசதி. ஆனால் ஆடிப் பார்த்தவனுக்கு இன்னொரு காரணம் தெரியும். காமினியில் பலசாலி தனக்காக ஆடுகிறான். கடைசிவரை தான் நின்றால் போதும். சஞ்சீவனியில் அவன் தொடுகிற ஒவ்வொரு தொடலுக்கும் இரண்டு பலன்: ஒரு புள்ளி வருகிறது, வெளியே உட்கார்ந்திருக்கிற ஒருவன் எழுந்து வருகிறான். அதனால் உட்கார்ந்திருக்கிறவனும் ஆட்டத்தை விட்டுக் கண்ணை எடுப்பதில்லை. டிரில் மாஸ்டர் வந்த பிறகு நாங்கள் யாரும் நடு ஆட்டத்தில் ஆற்றுக்குப் போகவில்லை.

எல்லா ஆட்டமும் இந்தத் திசையிலேயே போனது என்று சொல்ல மாட்டேன். வாலிபாலைப் பாருங்கள். நம் காலத்தில் சர்வீஸ் போடுகிற பக்கத்துக்குத்தான் புள்ளி, 15-க்கு ஆட்டம். எதிராளி சர்வீஸில் தப்பு பண்ணினால் சர்வீஸ் கைமாறும், அவ்வளவே. 1998-இல் சர்வதேச சம்மேளனம் அதை மாற்றி, ஒவ்வொரு தப்புக்கும் ஒரு புள்ளி, 25-க்கு ஆட்டம் என்றது. டெலிவிஷன்காரர்களுக்கு ஆட்டம் எத்தனை மணிக்கு முடியும் என்று தெரிய வேண்டியிருந்தது. அமெரிக்காவில் பி.ஜி.ஏ. கோல்ஃப் பட்டப் போட்டி 1958-இல் மேட்ச் பிளேயை விட்டு மொத்த அடிக்குப் போனதிலும் டெலிவிஷனுக்குப் பங்கு உண்டு. பார்க்கிறவனுக்காக ஒரு விதி, ஆடுகிறவனுக்காக ஒரு விதி.

இப்போது என் சொந்தக் கதை ஒன்று. என் வகுப்பில் படித்தவர்களுக்கு இது தெரியும்.

சனிக்கிழமைதோறும் 'நின்று பதில்' வைப்பேன், நினைவிருக்கிறதா? நாற்பது பேரும் எழுந்து நிற்க வேண்டும். வரிசையாக ஆண்டு கேட்பேன். முதலாம் பானிப்பட்? 1526. மூன்றாம் பானிப்பட்? 1761. அதற்கு 1757 என்று பிளாசியைச் சொன்னவன் உட்கார வேண்டும். பத்து நிமிஷத்தில் முப்பது பேர் உட்கார்ந்துவிடுவார்கள். கடைசியில் நிற்கிறவனுக்குக் கைதட்டல், ஒரு பேனா. எனக்கு அதில் ரொம்பப் பெருமை. ஆய்வுக்கு வந்த அதிகாரி ஒருவர் பாராட்டிவிட்டுப் போனதும் உண்டு. இப்போது போன் பண்ணின கோல்ஃப்காரர் அப்போது கடைசிவரை நிற்கிற பையன். அவரிடம் என் பேனா நாலைந்தாவது இருக்கும்.

ஓய்வுக்கு நாலு வருஷம் முன்னால், அம்பை பஸ் ஸ்டாண்டில் ஒரு பழைய மாணவரைப் பார்த்தேன். லாரி ஓட்டுகிறார். நல்ல மரியாதையோடு டீ வாங்கிக் கொடுத்தார். பேச்சோடு பேச்சாகச் சிரித்துக்கொண்டே, "உங்க கிளாஸ்ல நான் உட்கார்ந்தேதான் சார் வரலாறு படிச்சேன்" என்றார். நானும் சிரித்தேன். "நான் உட்காருத எடத்துலேர்ந்து ஜன்னல் வழியா கிரவுண்டு நல்லாத் தெரியும் சார். கபடி பாத்துட்டு இருப்பேன்." அவர் மனதில் வஞ்சம் எதுவும் இல்லை. பஸ்ஸில் ஊர் வந்து சேரும்வரை எனக்குத்தான் அந்த ஜன்னல் கண்ணை விட்டுப் போகவில்லை. முப்பது வருஷமாக, முதலில் உட்கார்ந்தவனிடம் நான் இரண்டாவது கேள்வி கேட்டதே இல்லை. யாருக்குப் பாடம் அதிகம் தேவையோ அவனுக்குப் பத்து நிமிஷத்தில் ஒரே கேள்வி. எல்லாம் தெரிந்தவனுக்கு இருபது கேள்வி.

அடுத்த சனிக்கிழமை விதியை மாற்றினேன். சரியான பதில் சொன்னால், அவன் பெஞ்சில் முதலில் உட்கார்ந்தவன் எழுந்து நிற்கலாம். டிரில் மாஸ்டரின் சஞ்சீவனியேதான். வகுப்பில் சத்தம் கூடிவிட்டது. உட்கார்ந்தவன்கள் பக்கத்தில் நிற்கிறவனுக்குப் புத்தகத்தைத் திறந்து காட்ட ஆரம்பித்தார்கள். அதைக் கண்டிக்க வேண்டியிருந்தது. நன்றாகப் படிக்கிற பையன் ஒருவன், "நான் பதில் சொன்னதுக்கு அவன் ஏன் சார் எழும்பணும்?" என்று கேட்டான். அவன் கேள்வியிலும் நியாயம் இருந்தது. கடைசியில் தனியாக நிற்கிற பெருமை அவனுக்குப் போய்விட்டதே. அவனுக்காக மாதம் ஒரு தடவை பழைய முறையையும் வைத்தேன்.

மாணவருக்கு நேற்று இதையெல்லாம் சொன்னேன். உங்கள் கிளப்பில் வருஷத்துக்கு ஒரு தடவை சாம்பியன் பட்டம் கொடுக்கிறீர்களே, அது மொத்த அடியிலேயே இருக்கட்டும். ஓர் அடிகூட மறையாமல் எல்லாவற்றுக்கும் பதில் சொல்ல வேண்டிய ஆட்டம் ஒன்று வேண்டும். அதை நான் மறுக்கவில்லை. மாதாமாதம் சனிக்கிழமை வருகிற சுமாரான ஆட்டக்காரருக்குப் புள்ளி முறையைக் கொடுங்கள். ஒரு குழி கெட்டால் பந்தைக் கையில் எடுத்துக்கொண்டு அடுத்த குழிக்குப் போகட்டும். பின்னால் வருகிறவர்களுக்கும் நேரம் மிச்சம்.

"அது சலுகைதானே சார்?" என்று மறுபடியும் ஆரம்பித்தார். அதற்கு ஒரு பதில் வைத்திருந்தேன். உலகம் முழுக்க ஒரே ஹேண்டிகேப் முறை 2020-இல் வந்தது, இந்தியாவிலும் அதுதான். அதில் உன் ஹேண்டிகேப்பைக் கணக்குப் போடும்போது, ஒரு குழியில் நீ 11 அடித்தாலும் 14 அடித்தாலும் முழுசாக எடுத்துக்கொள்வதில்லை. உனக்குரிய கழிவைச் சேர்த்த பாருக்கு மேல் இரண்டு அடியோடு வெட்டிவிடுகிறார்கள். ஸ்டேபிள்ஃபோர்டு டாக்டர் எந்த இடத்தில் பூஜ்யம் போட்டாரோ அதே இடம். நீ சலுகை வேண்டாம் என்கிறாய். உன் ஹேண்டிகேப் எண்ணே அந்தச் சலுகையில்தான் உருவாகியிருக்கிறது.

கொஞ்ச நேரம் கழித்து, "சார்வாள், நீங்க என் பக்கம் பேசுவீங்கன்னு நெனச்சேன்" என்றார். அப்புறம், "அந்த லாரிக்காரர் யார் சார், நம்ம செட்டா?" என்று கேட்டார். ஆமாம், உனக்கு இரண்டு பெஞ்ச் பின்னால் என்றேன். நம்பர் வாங்கிக்கொண்டார். கமிட்டிக் கூட்டம் அடுத்த ஞாயிற்றுக்கிழமை. முடிவு தெரிந்ததும் எழுதுகிறேன்.

ஆழ்வார்குறிச்சி, கடையம், பொட்டல்புதூர், கல்லிடைக்குறிச்சிப் பக்கம் கொடைக்கும் பொங்கலுக்கும் கபடி ஆடினவர்கள் இதைப் படித்தால் ஒன்று மட்டும் கீழே எழுதுங்கள்: உங்கள் ஊரில் எந்த வருஷம்வரை 'அவுட்னா அவுட்' ஆட்டம் நடந்தது, உயிர் பெற்று வருகிற விதியை யார் கொண்டுவந்தது? எங்கள் ஆற்று மணல் கோஷ்டியில் மிச்சம் இருக்கிற மூன்று பேரும் மூன்று வருஷம் சொல்கிறோம்.